ஆறு நிமிஷ ஹாஃபும் அம்போன்னு போன மிட்ஃபீல்டும்

ஃபுட்பால் கேம் ஆடுற கூட்டத்துல எப்பவும் ரெண்டு சண்டை ஓடிக்கிட்டே இருக்கும். மெஸ்ஸியா ரொனால்டோவா? ஃபிஃபாவா பீஈஎஸ்ஸா? ரெண்டுக்கும் நான் வரலை சாமி. இந்தப் பதிவு, யாருமே சண்டை போடாத ஒரு செட்டிங் பத்தி. ஒரு ஹாஃப் எத்தனை நிமிஷம்னு மெனுவுல ஒரு வரி இருக்குமே, அதேதான். ஆட்டம் எப்படி இருக்கும்னு தீர்மானிக்கிறது டிஃபிகல்டி லெவலை விட இந்த ஒரு வரிதான்ங்கிறது என் கட்சி.

கொஞ்சம் கணக்கு போடுவோம் (இஞ்சினியரிங் படிச்சது இதுக்காச்சும் உதவட்டும்). ஃபிஃபா அல்டிமேட் டீம்ல ஒரு ஹாஃப் 6 நிமிஷம். அந்த 360 விநாடிக்குள்ள ஸ்கிரீன் கடிகாரம் 45 நிமிஷம் ஓடியாகணும். அதாவது நமக்கு 8 விநாடி போனா, அங்க ஒரு நிமிஷம் காலி. ஆனா பிளேயரோட கால் ஏழரை மடங்கு வேகமா ஓடாதுல்ல? மைதானம் 105 மீட்டர். ஒரு வேகமான விங்கர் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போக 13 விநாடின்னு வைங்க. ஸ்கிரீன்ல ஒன்றரை நிமிஷத்துக்கு மேல போயிருக்கும். 4 நிமிஷ ஹாஃப்னா கிட்டத்தட்ட ரெண்டரை நிமிஷம். நேரத்தைச் சுருக்கிட்டாங்க, மைதானத்தைச் சுருக்கலை.

விளைவு என்ன? பந்தைப் பின்னாடி வாங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி, எதிரணியை இழுத்து வச்சு இடம் உண்டாக்குறதுக்கெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை. வேகமான ஃபார்வர்டைப் பார்த்து ஒரு த்ரூ பால், அவ்ளோதான். மிட்ஃபீல்டர்ங்கிறவன் பந்து தலைக்கு மேல போறதை வேடிக்கை பாக்குற ஆள். அப்படியே 80வது நிமிஷத்துல ஒரு கோல் முன்னாடி இருந்தீங்கன்னா, மிச்சம் இருக்குறது 80 விநாடி. டிஃபெண்டர் நாலு பேருக்குள்ள பந்தை உருட்டிக்கிட்டே ஜெயிச்சிடலாம். எங்க ரூம்ல இதுக்காகவே கன்ட்ரோலர் பறந்த நாள் உண்டு.

இப்ப கண்டிஷனுக்கு வருவோம். நிஜ ஃபுட்பால்ல வெயிலும் மழையும் களைப்பும் சும்மா பேக்கிரவுண்டு இல்லை. 2014 உலகக் கோப்பையில, ஃபோர்டலேசா வெயில்ல நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடின மேட்சை எடுத்துக்குங்க. மெக்சிகோ 1-0ன்னு முன்னிலை. சூடு தாங்காம தண்ணி குடிக்க இடைவேளை விட்டாங்க. அந்த இடைவேளையில ஆட்ட முறையை மாத்தினதா கோச் வான் கால் அப்புறம் அவரே சொன்னார். 88வது நிமிஷத்துல ஸ்னைடர் ஒண்ணு, கூடுதல் நேரத்துல ஹுன்டெலார் பெனால்டியில ஒண்ணு. 2-1, மெக்சிகோ வீட்டுக்குப் போயிடுச்சு. வெயில் ஆட்டத்தை நிறுத்துச்சு, நிறுத்தின நேரம் ஆட்டத்தையே மாத்துச்சு.

இன்னொண்ணு, பொலிவியாவோட லா பாஸ். கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 3,600 மீட்டர் உயரம். 2009 ஏப்ரல்ல மரடோனா கோச்சா இருந்த அர்ஜென்டினா, மெஸ்ஸியையும் வச்சுக்கிட்டு, அங்க 6-1ன்னு உதை வாங்குச்சு. மூச்சு வாங்கினா மெஸ்ஸியும் மனுஷன்தான்.

நம்ம கேம்ல? மழை பெய்யுது, பந்து கொஞ்சம் வழுக்குது. 70வது நிமிஷத்துல ஸ்டாமினா பட்டை இறங்குது. ஆனா அதுவரை நாம ஆடினது ஒன்பது நிமிஷம் சொச்சம்! அவன் ஓடிக் களைக்கலை, கணக்குப்படி களைக்கிறான். யாரை எப்ப ஓடவிடணும், யாருக்கு எப்ப மூச்சு விட இடம் கொடுக்கணும்னு நாம யோசிக்கவே வேண்டியதில்லை.

இந்த இடத்துல கொனாமிக்கு ஒரு கும்பிடு. பிளேஸ்டேஷன் 2 காலத்து வின்னிங் லெவன் ஆடினவங்களுக்கு அந்த அம்புக்குறி ஞாபகம் இருக்கும். சிவப்பு அம்பு மேல பாத்தா ஆள் செம ஃபார்ம்ல இருக்கார், கீழ பாத்தா இன்னைக்கு தேற மாட்டார். "லக்கு மேட்டர்யா இது"ன்னு திட்டுறவங்க நிறைய பேர். எனக்கு அதுதான் பிடிச்ச விஷயமே. கீழ்நோக்கி அம்பு விழுந்த ஸ்டாரை உக்கார வைக்கிறதா, இறக்குறதா? கோச்சோட வேலையே இதுதானே! ஆனா இதுக்கும் நேரம் வேணும். குட்டி மேட்ச்ல டல்லான ஸ்டாரும் ஒரே ஒரு ஓட்டத்துல கோல் போட்டு தப்பிச்சுடுவார். ஹாஃப் நீள நீளத்தான் அம்பு வேலை செய்யும்.

"ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து 90 நிமிஷம் ஆடச் சொல்றியா?"ன்னு கேக்காதீங்க. 10 நிமிஷ ஹாஃப் போதும். அதுல ஸ்கிரீன் நிமிஷம் ஒண்ணுக்கு 13 விநாடி சொச்சம். மேல சொன்ன விங்கர் ஓட்டம் இப்ப கரெக்டா ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்குது பாருங்க. நாலு குட்டி மேட்சுக்குப் பதிலா ரெண்டு பெரிய மேட்ச், அவ்ளோதான் செலவு. ஸ்கோர் 7-6ன்னு எகிறும்ங்கிறது நியாயமான புகார்தான். 2022 உலகக் கோப்பையில 64 மேட்சுக்கு மொத்தமே 172 கோல், மேட்சுக்கு மூணு கூட தேறலை. அதுக்கு ஸ்லைடர்ல வேகத்தையும் ஷாட் துல்லியத்தையும் கொஞ்சம் குறைங்க. சரியாயிடும்.

2025ல வந்த எஃப்சி 26ல இஏ கம்பெனியே காம்பெடிட்டிவ், அதென்டிக்னு ரெண்டு விதமான ஆட்டம் வச்சுட்டாங்க. அதாவது ஆன்லைன்ல வேகமா ஆடுறது ஒண்ணு, ஃபுட்பால் மாதிரி ஆடுறது இன்னொண்ணுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

இந்த வாரக் கடைசியில ஒரே ஒரு மேட்ச் 10 நிமிஷ ஹாஃப், மழை செட்டிங்ல ஆடிப் பாருங்க மக்கா. 75வது நிமிஷத்துல உங்க கட்டைவிரலும் கவனமும் சேந்தே களைக்கும். அந்த நேரத்துல பந்தைக் கால்ல வச்சு நிறுத்தி நிதானமா பாஸ் போட ஒரு ஆளைத் தேடுவீங்க பாருங்க, அவன்தான் மிட்ஃபீல்டர். ஆடிட்டு வந்து பின்னூட்டத்துல திட்டுறதானாலும் திட்டுங்க :-)