பாசி மேல என்ன தப்பு?

மக்களே, பெங்களூர்ல குடியேறின நம்ம ஆளுங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரி பச்சையா தெரிஞ்சா உடனே "அய்யே, பாசி"ன்னு மூக்கைப் பொத்திக்கிறதை நிறுத்துங்க.

எங்க அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, பக்கத்து ஏரியில மயில்துத்தம் போட்டா ரெண்டே நாள்ல தண்ணி பளிங்கா ஆயிடும்னார். கைதட்டல் வேற! நான் பி.காம் படிச்சவன், பேங்க்ல லோன் பார்க்கிறவன், விஞ்ஞானி இல்லை. ஆனா வரவு எங்கேர்ந்து வருதுன்னு பார்க்காம பேரேட்டுல ஒரு வரியை அடிச்சா கணக்கு நேராகாதுன்னு தெரியும்.

மயில்துத்தத்துல செத்த பாசி எங்கே போகும்? அங்கேயே அழுகும். அழுகும்போது தண்ணியில மிச்சம் இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்னும். நீலப்பச்சைப் பாசியா இருந்தா (அது உண்மையில பாக்டீரியா இனம்) உடம்பு உடைஞ்சு உள்ளே இருக்கிற விஷமும் வெளியே வரும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்பாசிதான் ஏரிக்கு முதல் போடுற ஆள். வெயிலை வாங்கி உணவாக்குது, ஆக்ஸிஜனை விடுது. அதை நீர்த்தெள்ளு தின்னும், நீர்த்தெள்ளை மீன்குஞ்சு தின்னும், மீனைக் கொக்கும் நாமளும் தின்போம். டயாட்டம்னு ஒரு வகை, மணல்ல இருக்கிற அதே சிலிக்காவால தனக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டிக்கும். எந்தெந்த வகை டயாட்டம் இருக்குன்னு பார்த்தே தண்ணியோட தரத்தைச் சொல்லிடறாங்க.

சரி, அளவுக்கு மீறினா? ஆபத்துதான், மறுக்கலை. ராத்திரியில பாசியும் மூச்சு விடும், ஆக்ஸிஜனை இழுக்கும். அதனாலதான் மீன்கள் விடியற்காலையில செத்து மிதக்கும். 2016 மார்ச்ல அல்சூர் ஏரியில ஆயிரக்கணக்குல மீன் செத்துச்சே, அங்கேயும் சாக்கடை கலந்து ஆக்ஸிஜன் தீர்ந்ததைத்தான் காரணமாச் சொன்னாங்க.

பாசிக்குத் தீனி போட்டது யாரு? 1973-ல கனடாவுல ஒரு ஏரியைத் திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேல். ஐரோப்பிய யூனியன்ல 2013-லேர்ந்து வீட்டுத் துணி சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கடுமையான வரம்பு இருக்கு. நம்ம பாஸ்பரஸ் கழிப்பறையிலேர்ந்தும் சலவைத் தூள்லேர்ந்தும்தான் போகுது. சாதாரண சுத்திகரிப்பு நிலையம் அதுல பெரும்பகுதியை அப்படியே வெளியே விட்டுடும்.

பெல்லந்தூரைப் பாருங்க. சுமார் 900 ஏக்கர். ஆகாயத்தாமரையும் நுரையும் மூடி, வெயில் உள்ளே இறங்கலை. வெயில் இல்லாட்டி பாசி ஏது, ஆக்ஸிஜன் ஏது? 2015-ல நுரையே தீப்பிடிச்சுது. 2017-லயும் 2018-லயும் ஏரியில மறுபடி தீ. பாசி செத்த ஏரி எப்படி இருக்கும்னு ஊர் உலகமே டி.வி.ல பார்த்துச்சு. அப்புறம்தான் பசுமைத் தீர்ப்பாயம் பிடிச்ச பிடியில தூர் வாரினாங்க.

இன்னொரு சமாச்சாரம், இதை நம்மாளுங்க பேசவே மாட்டாங்க. பெல்லந்தூர்த் தண்ணி வர்த்தூருக்குப் போகும், அங்கேர்ந்து தட்சிண பினாகினி. அதுக்குத் தமிழ்நாட்டுல பேரு தென்பெண்ணை! ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில மலை மலையா நுரை பொங்குதே, அதுல நம்ம வாஷிங் மெஷின் தண்ணியும் இருக்கு. காவிரின்னா ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் வெச்சிருக்கோம். கிருஷ்ணகிரி விவசாயி வயலுக்கு நாமளே இங்கேர்ந்து அனுப்புற தண்ணியைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை.

உங்க குடியிருப்பு சுத்திகரிப்பு நிலையத்துலேர்ந்து வெளியே போற தண்ணியில பாஸ்பரஸ் எவ்வளவுன்னு செயலாளரைக் கேளுங்க. ஆய்வு ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்க. அதுல அந்த வரியே இல்லைன்னா, அடுத்த தடவை சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்க. பராமரிப்புக் கட்டணம் மாசாமாசம் கட்டறோமில்ல?