எனது கல்வெட்டை நானே எழுதினால் என்ன?

விடிய ஐந்தரைக்கு முன்னரே என் வாட்ஸப்பில் சூரியன் உதித்துவிடும். ஒரு மலை, மலைக்குப் பின்னால் தோடம்பழ நிறத்தில் சூரியன், முன்னால் ஒரு ரோசாப்பூ. நடுவில், மனம் வைத்தால் முடியாதது எதுவும் இல்லை என்ற கருத்தில் நாலு வரி. கீழே அப்துல் கலாமின் பெயர். பாவம் அந்த மனிதர். உயிரோடு இருந்தபோது பேசியதைவிட, போன பிறகு வாட்ஸப்பில் பேசியதுதான் அதிகம்.

இதையெல்லாம் அனுப்புகிறவர்கள் யாரென்று பார்த்தால், எல்லோரும் என் வயதுக்காரர்கள்தான். முழங்காலில் நீர் கட்டி வீட்டுப் படி ஏற முடியாத ஒருவர், என்னை இமயமலை ஏறச் சொல்கிறார். இரவு பத்தரைக்கு நித்திரைக் குளிசை போட்டவர், கனவு காண்பது எப்படி என்று காலையில் விளக்குகிறார். நானும் ஒவ்வொன்றுக்கும் கை கும்பிட்ட படம் ஒன்றைப் பதிலாகப் போடுகிறேன். அதோடு அன்றைய எழுத்து வேலை முடிந்துவிடும்.

விஷயம் என்னவென்றால், நான் எழுத்தாளனாக ஆசைப்படுகிறவன். இந்த ஆசைக்கு நாற்பத்துச் சொச்சம் வயது. எனக்கு அறுபத்தொன்று. ஆசை என்னைவிட இளமையாக இருக்கிறதென்பதுதான் ஒரே ஆறுதல். ஊக்கம் தேடி யூடியூப்பில் நான் கேட்காத பேச்சாளர் இல்லை. அவர்களில் பாதிப்பேருக்கு முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இராது. மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி, தோல்வியைக் கண்டு துவளாதே என்கிறார்கள். தம்பி, நான் தோற்கவே இல்லை. தோற்பதற்கு முதலில் எழுத வேண்டுமே! ஊக்கம் வருவதில்லை என்று நான் முறைப்பாடு சொல்லவில்லை. அது நன்றாகத்தான் வருகிறது. தேத்தண்ணி போட்டு முடிவதற்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

முதுமை அப்படியில்லை. வந்தால் வந்ததுதான். அது முதலில் உடம்பில் வருவதில்லை, கூப்பிடுகிற முறையில் வருகிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் தமிழ்க்கடையில் நான் 'தம்பி'. பிறகு நெடுங்காலம் 'அண்ணை'. அந்தக் காலத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன். ஒருநாள், முன்னறிவித்தல் ஏதும் இல்லாமல், 'அங்கிள்' ஆக்கிவிட்டார்கள். அதையும் பழகிக்கொண்டேன். போன மாசம் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவன், "ஐயா, பை வேணுமோ?" என்று கேட்டான். அவனுடைய தாடியிலும் ஒன்றிரண்டு வெள்ளை மயிர் இருந்ததை நான் கவனிக்காமல் விடவில்லை. இனி 'அப்பு' என்று ஒரு தரிப்பிடம் இருக்கு. அதற்கு அடுத்தது 'அமரர்'.

கனடா அரசாங்கம் இதில் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொள்கிறது. அறுபத்தைந்து வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டுத்தான் முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுகிறது. ரொறன்ரோ பஸ்ஸிலும் அறுபத்தைந்தில்தான் முதியோர் கட்டணம். கடைக்காரப் பெடியனுக்குத்தான் அவசரம். வயதாக வேண்டுமென்று விரும்பிக் கேட்ட தமிழ் எழுத்தாளர், எனக்குத் தெரிய, ஒரே ஒருவர்தான். கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழிக்கப் பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியானதாகக் கதை சொல்லப்படும் ஔவையார். நாங்கள் எல்லோரும் அதற்கு எதிர்த்திசையில் கறுப்பு மை பூசிக்கொண்டிருக்கிறோம்.

பிந்தித் தொடங்கியவர்களின் பட்டியல் ஒன்றை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எழுத ஆசைப்பட்டு எழுதாமல் இருக்கும் எவரிடமும் இப்படியொரு பட்டியல் இருக்கும். நியூயோர்க் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஃபிராங்க் மக்கோர்ட், 1996இல் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' வெளிவந்தபோது 66 வயதுக்காரர். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு. இங்கிலாந்தில் பெனிலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் வந்தபோது அவருக்கு 58. அதற்கு நாலு வருடம் கழித்து, 1979இல், புக்கர் பரிசு. ஹாரி பெர்ன்ஸ்டைன் என்றொருவர், மனைவி இறந்த பிறகு 93 வயதில் தன் சின்ன வயதுத் தெருவைப் பற்றி எழுத உட்கார்ந்தார். இங்கிலாந்தின் வடக்கே ஆலைத்தொழில் ஊர் ஒன்றில், ஒரு பக்கம் யூதர்களும் மறுபக்கம் கிறிஸ்தவர்களும் குடியிருந்த தெரு. அந்தப் புத்தகம் 2007இல் வெளிவந்தபோது அவருக்கு 96.

96 என்றால் எனக்கு இன்னும் முப்பத்தைந்து வருடம் இருக்கு. இந்தக் கணக்குத்தான் பட்டியலின் ஆபத்து. அது ஊக்கம் தருவதில்லை, தவணை தருகிறது. கடன்காரனுக்குத் தவணை கிடைத்தால் என்ன செய்வான் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. அ. முத்துலிங்கத்தின் 'அக்கா' தொகுப்பு 1964இல் வந்தது. பிறகு உத்தியோகம், நாடு நாடாகப் பயணம். 'திகடசக்கரம்' 1995இல் வந்தபோது இடையில் முப்பது வருடம் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதிக் குவித்ததை ரொறன்ரோத் தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த உதாரணத்தைச் சொன்னதும் என் மனைவி ஒரு கேள்வி கேட்டா: "அவர் முப்பது வருசம் எழுதாமல் இருந்தவர் சரி, அதுக்கு முதல் எழுதினவர்தானே? நீங்கள் எந்த முப்பதில் நிக்கிறியள்?"

ஊக்கத்தைப் பற்றி நான் வாசித்ததிலேயே பிரயோசனமான ஆள் அந்தோனி ட்ரொலொப்தான். பிரித்தானியத் தபால் திணைக்களத்தில் அதிகாரி. ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரைக்கு மேசைக்கு வருவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடத்துக்கு 250 சொல் என்று கணக்குப் போட்டு எழுதுவார். பிறகு வேலைக்குப் போவார். இப்படியே 47 நாவல்கள். மனிதருக்கு உள்ளொளி, உந்துதல் என்று எதிலும் நம்பிக்கை கிடையாது. அவர் நம்பியது ஒரு வேலைக்காரக் கிழவரை. தன்னை எழுப்பி விடுவதற்காக அவருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தாராம். அந்தக் கிழவர் கோப்பியோடு வந்து எழுப்பாத நாளே இல்லையாம். இதையெல்லாம் சுயசரிதையில் எழுதி வைத்துவிட்டு 1882இல் இறந்துபோனார். அடுத்த வருடம் புத்தகம் வந்ததும், இலக்கியமென்ன செருப்புத் தைப்பதா, மணிக்கணக்கில் செய்வதற்கு என்று இலக்கிய உலகம் முகம் சுளித்தது. அவருடைய மதிப்பே கொஞ்சக்காலம் இறங்கிப் போயிற்று.

எனக்கென்னவோ அந்தக் கோப்பிக் கிழவர்தான் உலகத்தின் மிகச் சிறந்த ஊக்கப் பேச்சாளர் என்று படுகிறது. ஒரு சொல்லும் பேசவில்லை, பாருங்கோ. இதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "ஐந்து பவுண் இல்லை, ஐந்நூறு டொலர் தந்தாலும் நான் எழும்பமாட்டன்" என்றுவிட்டு மனைவி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா.

இனிச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத் தமிழன் ஒருவன் எழுதினாலும் எழுதாவிட்டாலும், அவனைப் பற்றி ஒரு புத்தகம் நிச்சயமாக வெளிவரும். வெளியீட்டு விழா முப்பத்தோராம் நாள். வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு பிரதி இலவசம். எங்கள் ஆட்கள் அதைக் 'கல்வெட்டு' என்பார்கள். அட்டையில் கோட்டுப் போட்ட படம். உள்ளே தேவாரம், சிவபுராணம், திதி வெண்பா, வம்சவிருட்சம், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் ஒன்றரைப் பக்கம் வாழ்க்கை வரலாறு. அதை எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். அச்சகம் அவசரப்படுத்த, ஒரே இரவில் எழுதிக் கொடுப்பார்.

இந்தக் கல்வெட்டுகளை நான் குறைவாகச் சொல்லவில்லை. நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரின் வரலாற்றையே அவற்றிலிருந்து எழுதலாம். ஆனால் வரிசையாக நாலைந்தை வாசித்துப் பாருங்கோ. எல்லோரும் நற்குடியில் பிறந்திருப்பார்கள். எல்லோரும் இன்முகத்தோடு வரவேற்றிருப்பார்கள். கோபக்காரர் ஒருவர்கூட யாழ்ப்பாணத்தில் பிறந்து இறந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் எனக்குத் தெரிய ஆறுபேர் இருந்தார்கள்.

என் சிநேகிதன் ஒருவனின் கல்வெட்டு இரண்டு வருடத்துக்கு முதல் கைக்கு வந்தது. அதில் ஒரு வசனம்: நாட்டுச் சூழ்நிலை காரணமாகப் புலம்பெயர்ந்து கனடாவை வந்தடைந்தார். சரியான வசனம்தான், பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு வசனத்துக்குள் அவனுடைய இரண்டரை வருடம் இருந்தது. தாலிக்கொடி விற்ற தாய் இருந்தா. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்த ஒரு இரவு இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் எத்தனையோ பெடியள் போன பாதை அது. அகதி முகாமில் ஒரே அறையில் ஒன்பது பேருக்குச் சமைத்தது, கோழியை எப்படி வெட்டுவது என்று சண்டை பிடித்தது எல்லாம் இருந்தது. அவன் இதையெல்லாம் சொல்லும்போது நாங்கள் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். சொல்லி முடித்ததும் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான், அதையும் பார்த்திருக்கிறேன். அவனுடைய மகன் மண்டப வாசலில் நின்று எல்லோருக்கும் பிரதி கொடுத்தான். அவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தப் படகில் இருந்த இருபத்தைந்து வயதுக்காரர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். இங்கே வந்து சேர்ந்த முதல் பெரிய அலை முழுவதுமே இப்போது கல்வெட்டு வயதுக்கு வந்துவிட்டது. இதை யாரும் ரோசாப்பூப் படத்தோடு அனுப்புவதில்லை.

வயது போனால் நினைவு தப்பும் என்பார்கள். மூக்குக் கண்ணாடி எங்கே என்பது தப்பும், உண்மைதான். ஆனால் உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்கிற ஒன்று இருக்கு. வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்குமான காலம்தான் மற்றக் காலங்களைவிட அதிகமாக மேலே வருமாம். எங்கள் ஆட்களுக்கு அந்த வயது எப்போது? எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளும்தான். நூலகம் எரிந்தது, ஜூலைக் கலவரம், முதல் விமானம், முதல் பனி எல்லாம் சரியாக அந்தப் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் விழுகிறது. அறுபது வயதில் எங்களுக்கு எழுத விஷயம் இல்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

யார் வாசிப்பார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. எங்கள் புத்தக வெளியீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஐந்து மணிக்கென்று போட்டு ஆறரைக்கு மங்கல விளக்கேற்றி, எட்டுப் பேர் வாழ்த்தி, கவரில் காசு வைத்துக் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்கி, வடையும் பற்றிசும் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். புத்தகம் காரின் பின்சீட்டில் அடுத்த கோடை வரை இருக்கும். மிச்சப் பிரதிகள் எழுத்தாளரின் பேஸ்மென்ட்டில். நான் அந்த விழாவுக்காக எழுத நினைத்திருந்தால் இன்னும் ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டேன்.

எழுத வைத்தது வேறொன்று. என் மகள் இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அப்பா, உங்கட லைஃப் ஸ்டோரியைச் சொல்லுங்கோ என்று முன்பு கேட்பாள். அப்படிக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. நானும் வாயில் கல்வெட்டு வசனம்தான் வைத்திருந்தேன், புலம்பெயர்ந்து வந்தடைந்தோம் என்று. போன மாரியில் சப்பாத்துக் கழற்றும்போது வேறுமாதிரி ஒன்று கேட்டாள்: "அப்பா, நீங்கள் முதல் முதல் ஸ்னோவைப் பார்க்கேக்க காலிலை என்ன போட்டிருந்தனீங்கள்?"

மண்ணிறச் சப்பாத்து. கொழும்பு புறக்கோட்டையில் வாங்கியது. ஒரு அளவு பெரிது, ஏனென்றால் அது எனக்கு வாங்கியதில்லை, எனக்கு முதல் போக இருந்த அண்ணனுக்கு வாங்கியது. அண்ணன் ஏன் போகவில்லை என்பது அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. அன்றிரவு மூன்று பக்கம் எழுதினேன். கோப்பிக் கிழவர் இல்லை, கலாம் இல்லை, யூடியூப் இல்லை. எழுதியதை வாசித்து வொய்ஸ் நோட்டாக அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கேட்டுவிட்டு, அந்தச் சப்பாத்துக்கு லேஸ் இருந்ததா என்று திருப்பிக் கேட்டாள்.

ஆகவே இதை வாசிக்கிற பிள்ளைகளிடம், அல்லது யாராவது வாசித்துக் காட்டக் கேட்கிற பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம். அப்பா அம்மாவிடம் வாழ்க்கைக் கதை கேட்காதேங்கோ. செருப்பைக் கேளுங்கோ. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கோ. வந்த அன்றிரவு என்ன சாப்பாடு, யார் சமைத்தது, உறைப்புப் போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கோ. பதில் சொல்லும்போது போனில் பதிவுசெய்து வையுங்கோ. இடையில் திருத்தாதேங்கோ.

என் கொப்பியில் இப்போது நாற்பத்தொரு பக்கம் இருக்கு. நற்குடியில் பிறந்ததாக எங்கேயும் எழுதவில்லை. ஒழுங்கையில் இருந்த ஆறு கோபக்காரர்களும் பெயர் மாற்றத்தோடு வருகிறார்கள். கல்யாணம் நடந்த பகுதியைப் போன கிழமை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டா. பிறகு, "முழுப் பொய்" என்றா. அடுத்த நாள் தமிழ்க்கடைக்குப் போனபோது, கறிவேப்பிலையோடு சேர்த்துத் தனக்கும் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கிக்கொண்டு வந்தா.