பேனரில் மட்டும் சிரிக்கும் பிள்ளைகள்

பொன்னமராவதியில் டெய்லர் கடை வைத்திருப்பவள் நான். முகூர்த்த மாதங்களில் கல்யாண பிளவுஸுக்கு அடுத்தபடியாக வருவது சடங்குப் பிள்ளைகளின் துணிதான். ஆரி ஒர்க், பஃப் கை, முதுகில் நாடா என்று அம்மாவும் அத்தையும் சொல்லச் சொல்ல அளவெடுப்பேன். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. சில நாளில் அதே பிள்ளை ஆளுயர ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே தாய்மாமன்களின் பெயர்கள், கட்சிப் பதவியோடு. சீர் தட்டுகள் செண்டை மேளத்தோடு தெருவில் வரும். ஒரு பெண் வயதுக்கு வந்த சேதியை பஸ் கண்டக்டர் வரைக்கும் அறிவிக்க நமக்குக் கூச்சமே இல்லை.

அவளே தன் ஆசையைச் சொன்னால்தான் நமக்குப் பொறுக்காது. 2025 ஜனவரியில் வர்ஷா பரத் இயக்கிய ‘பேட் கேர்ள்’ டீசர் வந்ததும் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் காதல் வருகிறது, அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள், அவ்வளவுதான். சாதிச் சங்கங்கள் கொதித்தன. ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டீசரை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. சிறுவர்களைத் திரையில் காட்டும் விதம் பற்றிய கவலை அந்த வழக்கில் இருந்தது. இரண்டு பெண்களைப் பெற்றவள், அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் தெருவில் கத்தியவர்களின் கோபம் அதைப் பற்றியதல்ல. 1979இல் ‘அழியாத கோலங்கள்’, 2004இல் ‘ஆட்டோகிராப்’ என்று பையன்களின் விடலைப் பருவத்தை நாம் கண்ணீர் மல்கப் பார்த்தோமே, அப்போது கலாச்சாரம் எங்கே போயிருந்தது? (‘பேட் கேர்ள்’ படம் செப்டம்பரில் வந்தது. பின்பாதி இழுவை. பள்ளிக்கூடப் பகுதிக்காகவே பார்க்கலாம்.)

திருச்சியில் படிக்கும் என் மூத்தவள் செல்போனில் இன்னொரு படம் காட்டினாள். 2015இல் வந்த ‘முஸ்டாங்’. தெனிஸ் கம்சே எர்குவென் எடுத்தது. துருக்கி மொழிப் படம்தான், ஆனாலும் பிரான்ஸ் தன் படமாக ஆஸ்கருக்கு அனுப்பியது. பள்ளி முடிந்த நாளில் ஐந்து அக்கா தங்கைகள் பையன்களின் தோளில் ஏறிக் கடலில் விளையாடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி பாட்டியிடம் வத்தி வைக்கிறாள். போன் பறிபோகிறது, ஜன்னலுக்குக் கம்பி வருகிறது, வீட்டிலேயே சமையலும் தையலும் கற்றுத்தருகிறார்கள். என் கண் போனது அவர்களுக்கு மாட்டிவிட்ட உடுப்பின்மேல். தோள் எது இடுப்பு எது என்று தெரியாத, மண் நிறத்துத் தொளதொளப்பு. அளவெடுக்காமல் தைத்த துணி. உள்ளே இருப்பது யார் என்று யாருக்கும் அக்கறை இல்லை என்பதைத் துணியே சொல்லிவிடுகிறது. கடைக்குட்டி லாலே மட்டும் மசியவில்லை. இஸ்தான்புல்லில் இருக்கும் தன் டீச்சரைத் தேடி ஓடுகிறாள்.

“துருக்கியில அப்படியாம்மா?” என்றாள் மகள். துருக்கி எதற்கு? இங்கிருந்து பஸ் ஏறினால் துவரங்குறிச்சி. அங்கே பிறந்த கவிஞர் சல்மா, பள்ளிச் சிறுமியாகத் தோழிகளோடு உள்ளூர் கொட்டகையில் ஒரு படம் பார்த்துவிட்டார். அதோடு படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் எழுத விடவில்லை. கழிப்பறையில் ஒளிந்து எழுதினார், எழுதிய காகிதங்களை அம்மா வெளியே கடத்தினார். 2001இல் பேரூராட்சித் தலைவர் ஆனார், 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது, 2025இல் மாநிலங்களவை உறுப்பினர். அவர் கதையை 2013இல் ‘சல்மா’ என்று ஆவணப்படமாக எடுத்தவர் பிரிட்டனின் கிம் லாங்கினாட்டோ. நம் ஆட்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அரசுப் பள்ளிகளில் படம் போடும் திட்டத்தை 2022இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கியது. சாப்ளினின் ‘தி கிட்’, பிரெஞ்சுப் படமான ‘சிவப்பு பலூன்’ எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நல்ல படங்கள். இரண்டும் ஒரு பையனைச் சுற்றிய கதை. துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: பிளஸ் டூ வகுப்புகளுக்கு ‘சல்மா’வைப் போடுங்கள். பெண்பிள்ளைகளை மட்டும் தனியே கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். பையன்களையும் உட்கார வையுங்கள். முடிந்தால் ஒரு நாள் தாய்மாமன்களையும்.