வேலிக்குள் நிற்கும் கன்னி

பதினெட்டாம் நூற்றாண்டு டச்சுச் செதுக்கோவியங்களில் ஒரு பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். சுற்றிலும் பின்னிய வேலி, நடுவில் அவள். கையில் ஈட்டி, அதன் முனையில் ஒரு தொப்பி. அடிமைத்தளை நீங்கியவனுக்கு ரோமானியர் அணிவித்த தொப்பியின் வழிவந்தது அது. பக்கத்தில் சிங்கம். அவள்தான் நாடு. அவளுக்காகத் துப்பாக்கி தூக்குபவன் நகரக் காவற்படை ஆண்.

ஈட்டிதான் அவள் கையிலேயே இருக்கிறதே, பிறகு எதற்குக் காவல்? அந்த ஈட்டி குத்துவதற்கல்ல. தொப்பி மாட்டுவதற்கு.

உருவகம்தானே, லத்தீனில் விடுதலை பெண்பால், அதனால் பெண்ணாக வரைந்தார்கள் என்பார்கள். தமிழில் விடுதலை அஃறிணை. நமக்கு அந்தச் சாக்கு செல்லாது.

1781-இல் வான் டெர் கபெல்லன் பெயர் போடாமல் வெளியிட்ட துண்டுநூல், ஆயுதம் ஏந்துங்கள் என்று மக்களை அழைத்தது. தேசபக்தர்கள் எனத் தம்மை அழைத்துக்கொண்டவர்கள் ஊர்தோறும் தன்னார்வப் படை அமைத்தார்கள். ஆரஞ்சு இளவரசரின் அதிகாரத்தை எதிர்க்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் குடியுரிமையைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிய கணத்திலேயே ஊரில் பாதி வெளியே தள்ளப்பட்டது. படையில் பெண்ணுக்கு இடமில்லை. படத்தில் உண்டு.

தெருவில் இறங்கிய பெண் என்னவானார்? ராட்டர்டாமில் சிப்பி தரம் பார்க்கும் வேலையில் இருந்த கத்தரீனா முல்டர். ஊர் வைத்த பெயர் காட் மோசல், சிப்பிக் காட். அறுபது வயதில் இளவரசர் பக்கம் நின்று தன்னார்வப் படையை எதிர்த்தார். அவருடைய அரசியல் எனக்கு உவப்பில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஊரில் அரசியல் பேசிய பெண் உடல் அவருடையது, கன்னியுடையது அல்ல. 1784-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். கன்னியைச் செதுக்கிய காலத்தின் உளி அவரையும் செதுக்கியது, கேலிப்பொருளாக.

தேசபக்தர் பக்கமும் பெண்கள் இருந்தார்கள். எழுத்தாளர்கள் பெட்யே வோல்ஃப், ஆக்யே டெக்கன் இருவரும், 1787-இல் பிரஷ்யப் படை அந்த இயக்கத்தை நசுக்கியதும், மறு ஆண்டு பிரான்சுக்குப் போனார்கள். நாட்டை இழப்பதில் மட்டும் சமபங்கு.

1795-இல் தேசபக்தர்கள் பிரெஞ்சுப் படையோடு திரும்பி வந்து புதிய குடியரசு அமைத்தார்கள். அடுத்த ஆண்டு தேசிய அவைக்குத் தேர்தல். ஒரு பெண்ணுக்கும் வாக்கு இல்லை. அரசின் காகிதத் தலைப்பில் மட்டும் அந்தப் பெண், ஈட்டியும் தொப்பியுமாக. டச்சுப் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் வந்தது 1919-இல்.