கணக்கில் வராத மூன்று மாதம்

ஐ.டி.ஐ. முடித்து வரும் ஃபிட்டரை நெய்வேலியில் யாரும் முதல் நாளே கொதிகலன் முன்னால் தனியாக நிறுத்துவதில்லை. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பழகுநர்தான், தொழிலாளி அல்ல. ஆள் கணக்கில் வரமாட்டார். சுரங்கமும் அனல்மின் நிலையமும் பல பத்தாண்டுகளாகப் பழகிய முறை இது. இதே ஊரிலிருந்து நர்சிங் படித்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் நிலை வேறு. நர்சிங் கவுன்சிலில் பதிவான கையோடு பல மருத்துவமனைகளில் நைட் டூட்டி பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடுகிறது, முழு நர்ஸாக. முதல் மூன்று மாதம் புதியவரை டூட்டி ஆள் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

நான்கு வருடப் படிப்பு, கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், இன்னும் என்ன பயிற்சி என்று கேட்பார்கள். இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்து கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். பரீட்சையில் இதைத் தப்பாக எழுதும் மாணவி அபூர்வம். ஆனால் மாணவி ஊசியை எடுக்கும்போது ட்யூட்டர் பக்கத்தில் இருந்தார். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெட்டில் மூச்சுத்திணறல், இன்னொரு பெட்டில் டிரிப் தீர்ந்துவிட்டது என்கிறபோது மூடியின் நிறத்தைப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. புதியவரிடம் குறைவது அறிவல்ல, அவசரத்துக்கு நடுவே எதை முதலில் செய்வது என்ற பழக்கம். அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர், படிப்பிலிருந்து வார்டுக்கு வரும்போது நேரும் இந்த அதிர்ச்சிக்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயரிட்டுப் புத்தகம் எழுதியது 1974-இல்.

இருக்கிற ஆளே போதாத வார்டில் இதெல்லாம் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. சுலபமில்லைதான். ஆனால் பற்றாக்குறையைப் புதியவரின் பெயரால் நிரப்பினால் நிரம்புவது பட்டியல் மட்டுமே. அவருடைய சந்தேகங்களுக்கும் தவறுகளுக்கும் சீனியர் சிஸ்டர் எப்படியும் ஓடி வரத்தான் வேண்டும், தன் பெட்டுகளை விட்டுவிட்டு. பழக்கிவிட்டால் வளைகுடாவுக்குப் போய்விடுவார்கள் என்பது இன்னொரு வாதம். போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். போகாமலிருக்க சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்து யாரையும் நல்ல நர்ஸாக்க முடியாது. நல்ல நர்ஸ் தேவைப்படுவதோ இங்கேதான்: நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்த 2020 ஜூலை 1 போன்ற ஒரு காலையில் தீக்காயத்தோடு வருபவர்களை முதலில் தொடுவது அன்றைக்கு டூட்டியில் இருக்கும் கைதான். ஆகவே செலவு எங்கே விழும் என்பதையும் சொல்லிவிடலாம்: புதியவருக்கு மூன்று மாதம் முழுச் சம்பளம், கற்றுக்கொடுக்கும் சிஸ்டருக்குப் பாதி பெட்டுகள். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கொடுத்தால், பயிற்சி என்பது ரிஜிஸ்டரில் கையெழுத்தாக மட்டும் இருக்கும்.