பையனைத் தொட்டுப் பார்க்க அரை நிமிஷம் போதுமே!

உங்கள் வீட்டில் ஆண் குழந்தை இருக்கிறதா? எடை எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொல்வீர்கள். முதல் பல் எந்த மாதம் முளைத்தது, அடுத்த தடுப்பூசி என்றைக்கு... எல்லாம் மனப்பாடம். 'சரி, பையனுக்கு விரை ரெண்டும் பைக்குள்ளே இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'சீ... இதையெல்லாமா கேப்பாங்க!' என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

அந்தக் கூச்சத்தை இன்று ஒரு பத்து நிமிஷம் ஓரமாக வையுங்கள். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு ஒரு விரையோ, இரண்டுமோ பைக்குள் இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது நூற்றுக்கு 30 வரைகூடப் போகும். அபூர்வமான நோய் இல்லை என்பது புரிகிறதா?

தாயின் வயிற்றில் இருக்கும்போது, விரைகள் உருவாவது குழந்தையின் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்தின் பக்கத்தில். கடைசி மூன்று மாதங்களில் அவை அடிவயிறு, கவட்டை வழியாக இறங்கிப் பைக்கு வந்து சேரும். எதற்கு இந்தப் பயணம்? விரைக்குச் சூடு ஆகாது. உடம்பின் சூட்டைவிட விரைப்பையின் சூடு 2 முதல் 4 டிகிரி வரை குறைவு. வயிறு அடுப்படி என்றால், பை காற்றோட்டமான திண்ணை. சில விரைகள் பாதி வழியில் நின்றுவிடும். சில, வழி தவறித் தொடைப் பக்கமோ, ஆசனவாய்க்கு முன்னாலோ போய் உட்கார்ந்துவிடும். அடுப்படியிலேயே தங்கிவிடுகிற விரை, உயிரணுக்களை உருவாக்கும் திறனை மெல்ல மெல்ல இழக்கும். அந்த இழப்பு, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

'வளர வளர எறங்கிடும்'

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று எந்த ஊர்த் திண்ணையில் கேட்டாலும், 'அதெல்லாம் வளர வளர எறங்கிடும்... இவங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு' என்று ஒரு பெரியவர் சமாதானம் சொல்லுவார். இந்தச் சமாதானம் பாதி உண்மை. அதனால்தான் முழுப் பொய்யைவிட ஆபத்தானது!

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தையின் உடம்பில் ஹார்மோன் சுரப்பு கூடுகிறது. அப்போது பல விரைகள் தானாகவே இறங்கிவிடும். ஆனால், 6 மாதத்துக்குப் பிறகு அப்படி இறங்குவது அபூர்வம். (குறைமாதக் குழந்தை என்றால், பிரசவத் தேதியாகக் குறித்த நாளிலிருந்து 6 மாதம் கணக்கிடுங்கள்.) அதற்கப்புறமும் காத்திருப்பது நஷ்டம்தான். 6 மாதத்தில் சிறப்பு டாக்டரிடம் காட்டுங்கள், 18 மாதத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிடுங்கள் என்று அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2014-ல் சொன்னது. நார்டிக் நாடுகளின் டாக்டர்கள் 2007-லேயே, 6 முதல் 12 மாதத்துக்குள் செய்வது நல்லது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

'எங்க காலத்து டாக்டரே பத்து வயசு வரைக்கும் பாக்கலாம்னாரே?' என்று கேட்கலாம். சொல்லியிருப்பார். அன்றைய அறிவு அவ்வளவுதான். 1877-ல் எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் இந்த அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். அதற்குப் பிறகும் நெடுங்காலம், பையன் பெரியவனாகட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். ஆராய்ச்சி வளர வளர வயதும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நம் ஊர்த் திண்ணைக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

காத்திருந்தால் என்ன போகும்?

முதலில், பிள்ளைப்பேறு. ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் அப்பா ஆகியிருக்கிறார்கள் என்கிறது பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு. மற்ற ஆண்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் இறங்காதவர்களில் அது 65 பேர்தான்.

இரண்டாவது, புற்றுநோய். ஸ்வீடனில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 17,000 ஆண்களைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு விரைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 மடங்கு. 13-க்குப் பிறகு என்றால் 5 மடங்கு! பயந்துவிடாதீர்கள். இந்தப் புற்றுநோயே அபூர்வமானதுதான். ஆனால், விரை பைக்குள் இருந்தால் கட்டி வந்தாலும் கையில் தட்டுப்படும். வயிற்றுக்குள் ஒளிந்திருந்தால்?

மூன்றாவது, இறங்காத விரையோடு குடலிறக்கம் கூடவே வரலாம். விரை முறுக்கிக்கொள்ளவும் கூடும். பை காலியாக உள்ள பையன், கவட்டையிலோ அடிவயிற்றிலோ திடீர் வலி என்று துடித்தால், கஷாயம் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரம் தவறினால் அந்த விரையே போய்விடும்.

ஸ்கேன் வேண்டாம், கை போதும்

கண்டுபிடிப்பது எப்படி? வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிய கையோடு, குழந்தை அழாமல் இருக்கும்போது பாருங்கள். குளிரிலும் பயத்திலும் விரை மேலே ஏறிக்கொள்ளும், அதனால் கைகள் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பையின் இரண்டு பக்கமும் சின்ன உருண்டை மாதிரித் தட்டுப்பட வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பையனைச் சம்மணமிட்டு உட்காரச் சொல்லிப் பார்க்கலாம். சில பையன்களுக்கு விரை ஏறி ஏறி இறங்கும். கையால் மெதுவாக இறக்கினால் பையில் தங்கும் என்றால், அதற்கு ஆபரேஷன் தேவையில்லை. ஆனால், வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறு வயதில் சரியாக இருந்த விரை, பள்ளிக்கூட வயதில் மேலே ஏறித் தங்கிவிடுவதும் உண்டு!

'ஸ்கேன் எடுத்துட்டு வந்துடறோம் டாக்டர்' என்று கிளம்பாதீர்கள். இந்த விஷயத்தில் ஸ்கேன் பெரும்பாலும் காசுக்குக் கேடு. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் விரையே இல்லை என்று ஆகிவிடாது. பழகிய டாக்டரின் கைதான் முக்கியம். ஹார்மோன் ஊசி போட்டு இறக்கும் வழக்கத்தையும் இன்றைய மருத்துவம் சிபாரிசு செய்வதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிறந்த குழந்தைக்கு இரண்டு விரைகளுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் 6 மாதம் காத்திருக்கக் கூடாது. வெளிப்பார்வைக்கு ஆண் போலத் தெரிந்தாலும், அட்ரீனல் சுரப்பிக் கோளாறோடு பிறந்த பெண் குழந்தையாக இருக்கலாம். சிலவகைக் கோளாறில் சில வாரங்களிலேயே உடம்பின் உப்புச் சத்து இறங்கி, உயிருக்கே ஆபத்து வரும். குரோமோசோம், ஹார்மோன் பரிசோதனைகளை உடனே செய்ய வேண்டும்.

ஆபரேஷன் எப்படி? மயக்க மருந்து கொடுத்து, கவட்டையில் சின்னக் கீறல் போட்டு, விரையைப் பக்குவமாக விடுவித்து, குடலிறக்கப் பை இருந்தால் அதையும் அடைத்து, விரைப்பைக்குள் தைத்து நிறுத்துவார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். கைக்கே தட்டுப்படாத விரையை லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றுக்குள் தேடுவார்கள். ரொம்ப உயரத்தில் இருந்தால், சில மாத இடைவெளியில் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டியிருக்கும். 'பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தா?' என்ற பயம் நியாயமானது. அதனால்தான், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்கிறேன். வயது தாண்டிவிட்டதா? 'இனிமே என்ன' என்று விட்டுவிடாதீர்கள். அப்போதும் காட்டத்தான் வேண்டும்.

ஒரு வரி சேருங்கள்

தர்மபுரியைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2001-ல் இந்த மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆண் வாரிசுக்கு அவ்வளவு ஆசை! அந்த வாரிசின் உடம்பைத் தொட்டுப் பார்க்க மட்டும் ஆள் இல்லை என்றால், அது என்ன ஆசை? அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் இங்கே நிறைய. அந்தப் பாட்டிகளுக்கும் யாராவது சொல்ல வேண்டாமா?

குழந்தைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் நல்ல திட்டம். அன்னப்பிளவு, வளைந்த பாதம், பிறவி இதயக் கோளாறு என 9 பிறவிக் குறைகளை அப்போது பட்டியல் போட்டார்கள். இறங்காத விரை அந்த ஒன்பதில் இல்லை.

என் கோரிக்கை சின்னது. 9-வது மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையைத் தூக்கி வருகிறீர்கள். அன்றைக்கு நர்ஸோ டாக்டரோ அரை நிமிஷம் தொட்டுப் பார்த்து, 'இரண்டும் உண்டு' அல்லது 'இல்லை' என்று அட்டையில் ஒரு வரி எழுதட்டும். ஏற்கெனவே வேலைப்பளு என்பார்கள், உண்மைதான். ஆனால், இதற்குக் கருவி வேண்டாம், மருந்து வேண்டாம், செலவும் இல்லை. 'இல்லை' என்று எழுதிய குழந்தையை அரசு தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பினால், 18 மாதக் கெடுவுக்கு இன்னும் 9 மாதம் கையில் இருக்கும்.

அரசு எழுதும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடுப்பூசியின்போது, 'டாக்டர், விரை ரெண்டும் எறங்கிடுச்சான்னு பாருங்க' என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து, கல்யாணம் ஆன பையன் 'அப்பவே ஏன்ம்மா பாக்கலை?' என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியாது.