நாற்காலி வந்தது, உட்கார உத்தரவு வந்ததா?

காலை 9 மணி. ஜவுளிக்கடையின் இரும்புக் கதவு கடகடவென்று மேலே ஏறுகிறது.

உள்ளே சிப்பந்திகள் வரிசையாக நிற்கிறார்கள். சேலைப் பிரிவில் ஓர் இளம்பெண். ஊரில் அவளுக்குத் தாய் இருக்கிறாள், தகப்பன் இருக்கிறார், படிக்கிற தம்பி இருக்கிறான். மாதம் பிறந்தால் அவள் அனுப்பும் பணத்துக்காக அந்த வீடு காத்திருக்கும்.

அவள் சேலையை எடுத்து விரிக்கிறாள். மடிக்கிறாள். மறுபடியும் விரிக்கிறாள். வாடிக்கைக்காரர் போய் விட்டார். அடுத்தவர் வரக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் அவள் நின்று கொண்டே இருக்கிறாள்.

பக்கத்தில் ஒரு முக்காலி இருக்கிறது. அது காலியாகவே இருக்கிறது.

ஏன் அவள் உட்காரவில்லை?

இப்படி ஒரு பெண் எந்த ஊரில்தான் இல்லை? சென்னை தியாகராய நகரில் இருக்கிறாள். மதுரை மாசி வீதியில் இருக்கிறாள். கோவையில் இருக்கிறாள், நெல்லையில் இருக்கிறாள். ஆண் சிப்பந்திகளின் நிலையும் இதுதான். நகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, ஓட்டல் எங்கும் கால் கடுக்க நிற்கிறவர்கள் உண்டு. கடை வாசலில் நிற்கும் காவலாளியும் அவர்களில் ஒருவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைச் சிப்பந்திகளுக்காகத் தமிழ்நாட்டில் 1947-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பிறந்தது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை ஆகியவற்றை அது கொடுத்தது. ஆனால் உட்காருவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அந்த வசதி முன்பே கிடைத்தது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் இளைப்பாற இருக்கை வேண்டும் என்று கூறியது. மில்லில் துணி நெய்தவருக்கு இருக்கை உண்டு. அந்தத் துணியைக் கடையில் விற்றவருக்கு இல்லை!

இந்தக் குறை தீர 73 ஆண்டுகள் ஆயின.

2021-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, தமிழ்நாடு சட்டசபையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது நிறைவேறிச் சட்டமும் ஆயிற்று. 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. "ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும். நாள் முழுவதும் நின்று கொண்டே இருக்கும் நிலை கூடாது" என்பது அதன் கருத்து.

கேரளத்துப் பெண்கள்

தமிழ்நாட்டுக்கு முன்பே, 2018-ல், கேரளம் இந்தச் சட்டத்தைச் செய்தது. சும்மா வந்த சட்டம் அல்ல அது.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு உண்டு. அங்கே வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பிடம்கூட இல்லை. அதனால் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். தையல் வேலை செய்து வந்த விஜி என்ற பெண்மணி அவர்களை ஒன்று சேர்த்தார். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு பிறந்தது. முதலில் கழிப்பிடம் கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். பல ஆண்டு போராடி அதையும் பெற்றார்கள். பி.பி.சி. நிறுவனம் 2018-ல் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

இங்கிலாந்திலோ 1899-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் உண்டு. கடையில் வேலை செய்யும் 3 பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

நின்றால் என்ன கெடுதல்?

"நிற்பதில் என்ன கஷ்டம்? வயலில் நாற்று நடுகிறவர்கள் நிற்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

நடப்பது வேறு, ஒரே இடத்தில் நிற்பது வேறு. காலுக்கு வந்த இரத்தம் திரும்பவும் மேலே ஏறி இருதயத்துக்குப் போக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிகிறது. இரத்தத்தை அது மேலே தள்ளி விடுகிறது. அசையாமல் நின்றால் அந்தத் தள்ளுதல் இல்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் பாதம் வீங்குகிறது.

இது வருஷக்கணக்கில் நடந்தால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, புடைத்து, நீலநிறமாகச் சுருண்டு கொள்ளும். நரம்புச் சுருட்டல் என்று ஜனங்கள் சொல்லும் நோய் இதுதான். சிலருக்குக் காலில் புண் உண்டாகி ஆறாமல் இழுத்தடிக்கும். இடுப்புவலி தனி. கர்ப்பிணிப் பெண் என்றால் சிரமம் இன்னும் அதிகம்.

தீபாவளி முடிந்து மகள் ஊருக்கு வருகிறாள். தாய் அவள் காலைப் பார்க்கிறாள். "என்னம்மா இது, கால் இப்படி வீங்கி இருக்கிறது?" என்று கேட்கிறாள். "ஒன்றும் இல்லை அம்மா, வியாபாரம் ஜாஸ்தி" என்கிறாள் மகள். வெந்நீர் காய்கிறது. இந்தக் காட்சி எத்தனை வீடுகளில்!

"வாய்ப்பு" யார் கையில்?

சட்டம் வந்து விட்டதே, பிறகு என்ன?

"வாய்ப்புக் கிடைக்கும்போது" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வாய்ப்பு வந்ததா, வரவில்லையா என்று யார் சொல்வது? சிப்பந்தியா, மேற்பார்வையாளரா?

வாடிக்கைக்காரர் இல்லாத நேரம் சிப்பந்திக்கு ஓய்வாகத் தெரியும். மேற்பார்வையாளருக்கு அது வேறு மாதிரித் தெரியும். "சும்மா இருக்கிறாயா? அந்த அலமாரியைத் துடை. மடித்ததையே மறுபடி மடி" என்பார். அப்படிப்பட்ட இடத்தில் வாய்ப்பு என்றுமே வராது. முக்காலி இருக்கும், உட்கார ஆள் இருக்க மாட்டார். தொழிலாளர் ஆய்வாளர் வந்தால் அவருக்குக் காட்ட மட்டும் அது பயன்படும்.

சேலைப் பிரிவுப் பெண் உட்காராததன் காரணம் இதுதான். முக்காலி வந்தது, உட்கார உத்தரவு வரவில்லை.

அந்த உத்தரவைக் கொடுக்க வேண்டியவர் யார்? முதலாளியும், அவர் சார்பில் சிப்பந்திகளைக் கவனிக்கும் அதிகாரியும்தான். மனிதவள அதிகாரி என்று அவருக்குப் பெயர். 'எச்.ஆர்.' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆளை எடுப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, லீவு கணக்குப் பார்ப்பது ஆகியவற்றோடு அவர் வேலை முடிந்து விடவில்லை. வேலைக்கு வந்த மனிதர் வந்தபடியே நல்ல காலோடு வீடு திரும்புகிறாரா என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

முதலாளி சொல்வதும் நியாயமா?

"சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கைக்காரர் கோபித்துக் கொள்வார். அடுத்த கடைக்குப் போய் விடுவார்" என்று முதலாளிகள் சொல்கிறார்கள். அவர்கள் பயத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. வாடகை, வட்டி, போட்டி எல்லாம் அவர்கள் தலைமேல் இருக்கின்றன.

ஆனாலும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய நாளில் ஜவுளிக்கடை எப்படி இருந்தது? தரையில் மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். வந்தவரும் உட்காருவார், விற்பவரும் உட்காருவார். உட்கார்ந்தபடியே கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனை சேலைகளும் எடுத்து விடுவார்கள். யாரும் அதை மரியாதைக் குறைவு என்று நினைக்கவில்லை.

இன்றைக்கும் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். கணக்குத் தவறுகிறதா? அவரைச் சோம்பேறி என்று யாராவது சொல்கிறார்களா? கல்லாவில் தவறாகாதது சேலைப் பிரிவில் மட்டும் எப்படித் தவறாகும்?

கால் வலிக்கிறவர் முகத்தில் சிரிப்பு வராது. சிரிப்பு இல்லாத இடத்தில் வியாபாரமும் சுருங்கும். பழகிய சிப்பந்தி உடம்புக்கு முடியாமல் நின்று விட்டால் புது ஆளைப் பிடித்துப் பழக்க வேண்டும். அந்தச் செலவோடு பார்த்தால் முக்காலியின் விலை எம்மாத்திரம்?

செய்ய வேண்டியவை

இதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. மனசு வைத்தால் ஒரு வாரத்தில் செய்து விடலாம்.

1. எதிரே வாடிக்கைக்காரர் இல்லை என்றால் உட்காரலாம் என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். அப்போது "வாய்ப்பு" எது என்ற சந்தேகம் இராது.

2. பண்டிகைக் காலத்தில் கூட்டம் ஓயாது. ஆகவே சிப்பந்திகள் முறை வைத்து, மாற்றி மாற்றிச் சிறிது நேரம் உட்கார ஏற்பாடு வேண்டும். வேலை அதிகமான நாளில்தான் காலுக்கு ஓய்வு அதிகம் தேவை.

3. முக்காலி அவரவர் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிடங்கில் அடுக்கி வைத்தால் பயன் இல்லை. இடம் குறைவான கடையில், மேஜைக்குப் பின்னால் மடக்குப் பலகை பொருத்தலாம்.

4. உட்கார்ந்ததற்காக யாரையும் திட்டக் கூடாது. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இதை மேற்பார்வையாளர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். அவர்களும் பெரும்பாலும் நின்றே பிழைப்பவர்கள்தான். அவர்களுக்கும் இருக்கை வேண்டும்.

5. கழிப்பிடம் போகத் தயங்காமல் கேட்கும் நிலை வேண்டும். அந்தத் தயக்கம் இருக்கும் வரை தண்ணீர் குடிக்கும் பயமும் போகாது.

வாங்குகிறவர் பங்கு

கடைசியில் பொறுப்பு வாடிக்கைக்காரர் வீட்டுக்கும் வந்து சேருகிறது.

2010-ல் 'அங்காடித் தெரு' என்ற திரைப்படம் வந்தது. கடைச் சிப்பந்திகளின் பாட்டைக் காட்டிய படம் அது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த வாரம் கடைக்குப் போனார்கள். நின்று கொண்டிருந்த பெண்ணிடம், "அந்த மேல் அடுக்கில் இருப்பதையும் எடம்மா" என்றார்கள்.

சேலை பார்ப்பதில் தவறு இல்லை. ஆனால் உள்ளே நுழையும்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். "இருங்கள் அம்மா, அவசரம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த வார்த்தை கல்லாவில் இருக்கும் முதலாளியின் காதிலும் விழும். வாடிக்கைக்காரர் கோபிப்பார் என்ற அவருடைய பயம் அன்றைக்கே பாதி போய் விடும்.

சட்டசபை தன் வேலையைச் செய்து விட்டது. முக்காலியும் வந்து சேர்ந்து விட்டது. "உட்காரம்மா" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதைக் கடையில் முதலில் சொல்ல வேண்டியவர் மனிதவள அதிகாரி.

அவர் சொல்லட்டும். இந்தத் தீபாவளிக்காவது ஊர் திரும்பும் மகளின் கால் வீங்காமல் இருக்கட்டும்.